கோலமாவு இந்தியாவும் கோட்டுக்கு வெளியே நின்ன பொண்ணும்

உக்காருங்கப்பா, எல்லாரும் உக்காருங்க. நான் ஒண்ணும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரல. ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. இப்ப என் அதட்டலுக்கு அடங்கறது எங்க வீட்டு மிக்ஸி ஒண்ணுதான், அதுவும் சுவிட்சை அமுக்கினாத்தான். உங்க ஹெச்.எம். போன் பண்ணி, "புதுசா சேந்தவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க மிஸ், வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க"ன்னாங்க. சரின்னு மந்தைவெளியிலேந்து ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துட்டேன்.

லெசன் பிளான் எப்படி எழுதறது, சார்ட் எப்படி ஒட்டறது, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அதுல நீங்க என்னைவிடக் கெட்டிக்காரங்க, போனைத் தடவினா எல்லாம் வந்துடுது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தப்பைப் பத்தி. முப்பது வருஷத்துக்கு மேல சாந்தோம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல நாலாங்கிளாஸ் எடுத்தேன். அத்தனை வருஷத்துல நான் பண்ண தப்புங்களை வரிசையா நிக்க வச்சா காலை பிரேயர் கூட்டம் மாதிரி இருக்கும். அதுல முதல் வரிசையில நிக்கறது இதான்.

நாலாங்கிளாஸ் சோஷியல்ல மேப் வரும். கூடவே, நம்ம ஊருக்கு எங்கெங்கேருந்தோ வந்து சேந்த ஜனங்களைப் பத்தியும் பாடம் வரும். சௌகார்பேட்டை சேட்டுங்க, பர்மாவுலேந்து திரும்பினவங்க, ஆந்திராவுலேந்து வந்தவங்க, இப்ப மெட்ரோ வேலைக்கு வந்திருக்கற பீகார், ஒடிசா ஆளுங்க. ரெண்டையும் சேத்து எடுத்தா நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை. ஆனா சுவத்துல மாட்டற மேப்பை நான் நம்பறதில்ல. வேலைக்குச் சேந்த புதுசுல, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆபீசர் வந்து பின் பெஞ்சுல உக்காந்திருக்காரு. நான் ஜம்பமா, "வடக்கு எங்க இருக்கு, காட்டுங்க"ன்னேன். நாப்பது புள்ளைங்களும் கையைத் தூக்கி ஃபேனைக் காட்டிச்சுங்க. மேப்புல மேல இருக்கறது வடக்குன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்! அந்த ஆபீசர் சிரிப்பை அடக்க முடியாம இருமற மாதிரி நடிச்சாரு. அன்னியிலேந்து மேப்பைத் தரையில எறக்கிட்டேன்.

தரையிலன்னா, ஸ்கூல் கிரவுண்டுல. எங்க ஆயாம்மாவுக்குக் கோலம்னா உசுரு. மார்கழி வந்தா அவங்க தெருவுல அவங்கதான் ராணி. அவங்க கிட்ட ஒரு இந்தியா மேப்பைக் குடுத்து, "இதைக் கொடிக்கம்பத்துலேந்து தண்ணிக் குழாய் வரைக்கும் வரையணும்"னேன். தலையைச் சாச்சு ஒரு பார்வை பாத்துட்டு, "இன்னா மிஸ் பிரமாதம், புள்ளி வச்சாப் போச்சு"ன்னாங்க. பேப்பர் மேல கட்டம் போட்டு, கிரவுண்டுல புள்ளி வச்சு, கோலமாவுல இந்தியாவை இழுத்தாங்க பாருங்க, குஜராத்தோட மூக்கு கூட மாறல. கிழக்கு பக்கம் நீலப் பொடி தூவி வங்காள விரிகுடா. எங்க ஸ்கூலுக்குக் கிழக்கால நெஜமாவே கடல்தான், காத்தடிச்சா உப்பு வாசனை வரும். புள்ளைங்களுக்கு அதுல ஒரே குஷி.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டிருந்தோம். அவங்க முன்னாடி ஒவ்வொரு புள்ளையும் அந்த மேப்புல தன்னோட சொந்த ஊர்ல போய் நிக்கணும். நின்னு, எங்க குடும்பம் இங்கேருந்து வந்துச்சு, எங்க வீட்டுல இது சமைப்போம்னு ரெண்டு வரி சொல்லணும். கேக்க நல்லாத்தானே இருக்கு?

இதுலதான் நம்ம ஊர்க்காரங்களுக்கே உண்டான ஒரு வியாதி இருக்கு. யாரைப் பாத்தாலும் மூணாவது கேள்வி, "சொந்த ஊர் எது?" சென்னைன்னு சொன்னா விட மாட்டோம். "அது சரி, சொந்த ஊரு?"ன்னு திரும்பக் கேப்போம். சென்னைங்கறது ஏதோ பஸ் ஸ்டாண்டு மாதிரி, எல்லாரும் வேற எங்கேருந்தாவது வந்து எறங்கியிருக்கணும் நமக்கு. என்னையே எடுத்துக்கோங்க. எங்க குடும்பம் போர்ச்சுகீசியர் காலத்துலேந்து சாந்தோம் கோயில் பக்கத்தை விட்டு நகந்ததில்ல. ஆனாலும் என் கிறிஸ்தவப் பேரைக் கேட்டதும், "உங்க பூர்வீகம்…"னு இழுப்பாங்க. நேத்துதான் கப்பல்லேந்து எறங்கினேன்னு சொல்லிடலாமான்னு இருக்கும், அவ்வளவு எரிச்சல் வரும். அப்படிப்பட்ட நானே அதே கேள்வியைத் தூக்கிட்டுப் புள்ளைங்க கிட்டப் போனேன்.

முந்தின வாரம் வியாழக்கிழமை ஒத்திகை வச்சேன். நல்ல வெயில், சாப்பாட்டு பெல்லுக்கு அரை மணிதான் இருக்கு, முப்பத்தெட்டு புள்ளைங்க. ஜெனிபர்னு ஒரு பொண்ணு, பக்கத்துக் குப்பத்துல வீடு, அம்மா மீன் விக்கறாங்க. வாய் கொஞ்சம் நீளம். அது நேரா போய் சென்னையில நின்னுச்சு.

"அங்க ஏன்டி நிக்கற? சொந்த ஊர்ல போய் நில்லு."

"இதான் மிஸ் எங்க ஊரு."

"அப்பாவோட அப்பா ஊரு?"

"அதுவும் இதான். அவங்கப்பாவுக்கும் இதான். எங்க வூடு அங்கதான் கீது, இந்த செவுரு மேல ஏறினா தெரியும், காட்டட்டா?"

எனக்கு இது ஒத்து வரல. எல்லாரும் சென்னையிலயே நின்னுட்டா மேப்பு என்னாத்துக்கு? "உங்க ஆளுங்க முன்ன நாகப்பட்டினம் பக்கத்துலேந்து வந்திருப்பாங்க, நீ அங்க நில்லு"ன்னு கையைப் புடிச்சு எறக்கி விட்டேன். எந்த ஆதாரமும் கெடையாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஜெனிபர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நாகப்பட்டினத்துல நின்னுச்சு.

அடுத்தது சுமி. ஸ்மிருதின்னு பேரு, கிளாஸ்ல எல்லாருக்கும் சுமி. அந்த ஜூன்லதான் எங்க ஸ்கூல்ல சேந்தா. பேச்சு ரொம்பக் கம்மி. முகத்தைப் பாத்தா மலைப் பக்கத்து முகம். சாயங்காலம் அவங்கப்பா கேட்டுக்கு வந்து அவ கிட்டப் பேசற பாஷையைக் கேட்டிருக்கேன். எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் நேபாளத்துக்காரர், அவர் வீட்டுக்குப் போன்ல பேசற அதே பாஷை. அப்புறம் என்ன சந்தேகம்? "சுமி, நேபாளம்"னு யார் எங்க நிக்கணும்னு போட்ட லிஸ்ட்டுல நானே எழுதி வச்சுட்டேன்.

சுமி வாயைத் தொறந்தா. "மிஸ், எங்க ஊரு வந்து…"

"தெரியும்மா, தெரியும், வா"ன்னு ரெண்டு தோளையும் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், பீகாருக்கு மேல, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சேன். அங்க கோலம் கெடையாது. நாங்க இந்தியா மட்டும்தானே வரைஞ்சிருந்தோம். வெறும் சிமெண்டுத் தரை.

நீங்கல்லாம் கட்டம் கீறி ஒத்தைக் கால்ல பாண்டி ஆடியிருப்பீங்க இல்ல? கோட்டுக்கு வெளிய கால் பட்டா என்ன சொல்லுவோம்? பின்னாடியிலேந்து ஒரு பையன் கத்தினான், "அவுட்டு!" அவ்வளவுதான். கிளாஸ் முழுக்க, "அவுட்டு, அவுட்டு, சுமி அவுட்டு"ன்னு கை தட்டுதுங்க. அப்ப நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, புள்ளைங்க பாண்டி ஞாபகத்துல சொல்லுதுங்களேன்னு சிரிப்பு வந்துடுச்சு. "ஷ்ஷ், சும்மா இருங்க"ன்னேன், அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். பெல் அடிச்சுது, எல்லாம் சாப்பிட ஓடிடுச்சுங்க. சுமி மட்டும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னா. அப்புறம் கோலத்தை மிதிக்காம சுத்திக்கிட்டு கிளாசுக்குப் போனா.

வெள்ளிக்கிழமை அவ வரல. திங்கக்கிழமையும் வரல. காய்ச்சலா இருக்கும்னு நெனைச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில எங்க ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டாங்க. போனா, சுமியோட அப்பா நிக்கறாரு. பிரேம்னு பேரு, அடையாறுல ஒரு சலூன்ல முடி வெட்டறவரு. கையில ஒரு லெட்டர். டி.சி. வேணுமாம்.

எனக்குத் தெரிஞ்ச இந்தியை எல்லாம் கூட்டிப் பெருக்கி, "கியா ஹுவா, பாய் சாப்?"னு ஆரம்பிச்சேன்.

அவரு கையைக் காட்டி நிறுத்தினாரு. "தமிழ்லயே பேசுங்க மிஸ். நான் மெட்ராஸ் வந்து பதிமூணு வருஷம் ஆவுது. உங்க இந்திக்கு என் தமிழ் எவ்ளோவோ தேவல."

ஹெச்.எம். குனிஞ்சு மேஜை மேல எதையோ தேட ஆரம்பிச்சாங்க.

"எங்க ஊரு டார்ஜிலிங் பக்கம் மிஸ், டீ எஸ்டேட்டு"ன்னாரு அவரு. "எங்க தாத்தா, அவங்கப்பா எல்லாம் அங்க பொறந்து அங்கயே செத்தவங்க. வூட்ல நேபாளி பேசுறோம். அதுக்கோசரம் நாங்க நேபாளமா? சிலோன்ல கீற தமிழாளுங்க எல்லாம் தமிழ்நாடா? போன எலெக்‌ஷனுக்கு உங்க ஸ்கூல்லதான் மிஸ் நான் ஓட்டு போட்டேன். இதே ரூமுலதான் பூத்து."

அவரு லெட்டரை மடிச்சுக்கிட்டே மேல சொன்னாரு.

"நேபாளின்னு சொன்னா எனக்கு ஒண்ணும் கேவலம் இல்ல. அவங்களும் நம்ம மாதிரி மனுசங்கதான். ஆனா அம்மாம் புள்ளைங்க பாக்க எம் பொண்ண கோட்டுக்கு வெளிய நிக்க வச்சீங்களே, அத்த நான் அவகிட்ட இன்னான்னு சொல்லிப் புரிய வெக்கிறது? அவ ஸ்கூலுக்கு வர மாட்டேன்றா. வருசம் நடுவுல வேற ஸ்கூல்ல யாரு சேத்துப்பாங்க? அதான் ஊர்ல எங்க அண்ணன் வூட்டுல வுட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டோம். அங்கயே படிக்கட்டும். சனிக்கிழமை டிக்கெட்டு போட்டுட்டேன்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க இங்கதான். வேல இங்கதானே மிஸ் கீது."

ஒன்பது வயசுப் பொண்ணு. அப்பா அம்மாவை விட்டுட்டு, ரெண்டு நாள் ரயில்ல போற தூரத்துல. டார்ஜிலிங் எங்க இருக்கு தெரியுமா? நேபாளத்துக்கு ஒட்டினாப்பல, வலது பக்கத்துல. எங்க கோலத்துல ஒரே ஒரு எட்டு. அன்னிக்கு நான் அவ சொல்ல வந்த ஒரு வார்த்தையைக் காது குடுத்துக் கேட்டிருந்தா, ஒரு எட்டு நகத்தி உள்ள நிக்க வச்சிருப்பேன். அதுவும் தப்புன்னு எனக்கு அப்ப தெரியாது. அது பின்னால வருது.

அப்பா வந்து எழுதிக் குடுத்தா டி.சி. குடுத்துத்தான் ஆகணும். எங்க ஹெச்.எம். பொய்யே சொல்லாத பொம்பளை. லீவு லெட்டர்ல தலைவலின்னு எழுதறதுக்குக் கூட நெஜமா தலை வலிக்கணும் அவங்களுக்கு. அவங்க என் மூஞ்சியைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. "கிளார்க் லீவுங்க. வெள்ளிக்கிழமைதான் வருவாரு, அன்னிக்கு வாங்கிக்கோங்க"ன்னாங்க. கிளார்க்கு கதவுக்கு அந்தப் பக்கம் ஃபேனுக்கடியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. இது காதுல விழுந்ததும் டம்ளரோட எழுந்து ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டாரு. அந்த மனுஷனுக்கு நான் இன்னிக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

பிரேம் பின்னாடியே கேட் வரைக்கும் ஓடினேன். "நான் கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சுமி கிட்ட மன்னிப்பு கேக்கறேன். தயவு செஞ்சு அவளை நாளைக்கு அனுப்புங்க."

அவரு பைக் சாவியைக் கையில வச்சுத் திருப்பிக்கிட்டே நின்னாரு. "வேணாம் மிஸ். நீங்க மன்னிப்பு கேப்பீங்க. எல்லாப் புள்ளைங்களும் திரும்பி அவளையே பாக்கும். மறுக்கா அவ நடுவுல நிக்கணுமா?"

இதை நல்லா மனசுல வச்சுக்கோங்கப்பா. எனக்கு அது தோணவே இல்ல. எல்லார் முன்னாடியும் தப்பு பண்ணா எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கணும்னு நான் ரொம்ப நேர்மையா யோசிச்சதா நெனைச்சுக்கிட்டேன். நெஜத்துல எனக்கு வேண்டியிருந்தது என் மனசு லேசாகறது. அதுக்காக அந்தப் புள்ளையை மறுபடியும் மேடையேத்தப் பாத்தேன். "அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?"ன்னு கேட்டேன். "வாங்க, யாரு வேணான்னா?"ன்னுட்டுக் கெளம்பிட்டாரு.

புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் போனேன். பட்டினப்பாக்கம் போற வழியில ஒரு சந்து, மூணாவது மாடியில ஒத்தை ரூம். சுமியோட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வார்டு வேலை, டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டிருந்தாங்க. என்னைத் திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அவங்க டீ போட்டுக் குடுத்தாங்க. சுவத்தோரமா ஒரு சூட்கேஸ் தொறந்து கெடந்துச்சு. அதுல ஒரு புது ஸ்வெட்டர், லேபிள் கூடக் கிழிக்கல. சென்னையில ஸ்வெட்டர்! அதைப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

சுமி பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல உக்காந்திருந்தா. நானும் தரையில உக்காந்தேன், இந்த முட்டியை வச்சுக்கிட்டு.

"சுமி, மிஸ் தப்பு பண்ணிட்டேன்மா. உன்னைக் கேக்காமயே கொண்டு போய் நிக்க வச்சேன். நீ சொல்ல வந்ததையும் கேக்கல."

அவ கட்டில் கால்ல இருந்த பெயிண்டை நகத்தால சுரண்டிக்கிட்டிருந்தா. என்னைப் பாக்காமயே சொன்னா.

"அவுட்டுன்னு கத்தினப்ப நீங்க சிரிச்சீங்க."

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். அப்ப யோசிக்க டைம் இருக்காது. "உன்னைப் பாத்துச் சிரிக்கலடா கண்ணு"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அது நெஜமும்தான். ஆனா அதைச் சொன்னா, நீ பாத்தது தப்புன்னு அவ கிட்ட நான் சொல்றதாயிடும். அவ ஊரும் அவளுக்குத் தெரியல, அவ கண்ணால பாத்ததும் அவளுக்குத் தெரியல, எல்லாம் மிஸ்ஸுக்குத்தான் தெரியும்னு ஆயிடும். அதனால, "ஆமா, சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது"ன்னேன். வேற எதுவும் சேக்கல.

அப்பத்தான் அவ மொத தடவையா நிமிந்து பாத்தா. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. "டீ ஆறிடும் மிஸ்"னு மட்டும் சொன்னா. படி எறங்கி வரும்போது, இது சரியாகுமா ஆகாதான்னு எனக்கு எதுவும் புரியல.

வியாழக்கிழமை காலையில கோலத்தைக் கழுவிட்டு ஆயாம்மாவும் நானும் புதுசா போட்டோம். நான் புலம்பிக்கிட்டே இருந்தேன், அவங்க புள்ளி வச்சுக்கிட்டே இருந்தாங்க. டார்ஜிலிங் எடத்துல மட்டும் நான் பிரமாதமா ஜோடிச்சேன். பச்சைப் பொடியில மலை, ஒரு தட்டுல டீத்தூள், நடுவுல செம்பருத்திப் பூ. "நாளைக்கு அவ வந்தான்னு வைங்க ஆயாம்மா, நேரா கையைப் புடிச்சு இங்க கொண்டாந்து நிக்க வச்சுடுவேன். எல்லாம் சரியாயிடும்"னேன்.

ஆயாம்மா கோலமாவு டப்பாவைக் கீழ வச்சாங்க. "உங்களுக்கு இன்னா மிஸ், ஒரு வாட்டி பட்டா பத்தாதா? நாத்து நடுற மாதிரி புடிச்சுப் புடிச்சு நட்டுக்கினே கீறீங்க. ஏன், அதுங்களுக்குக் காலு இல்ல?"

எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. இத்தனை வருஷம் பாடம் எடுத்தவ நான், எனக்கே பாடமான்னு. பத்து நிமிஷம் அந்தப் பச்சை மலைக்கே மறுபடி பொடி தூவிக்கிட்டிருந்தேன். அப்புறம் போய் அந்த லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் கிளாஸ்ல சொன்னேன், "நாளைக்கு லிஸ்ட் கெடையாது. உங்க ஊருன்னு உங்களுக்கு எது தோணுதோ அங்க நில்லுங்க, நான் யாரையும் நகத்த மாட்டேன். போன வாரம் 'அவுட்டு'ன்னு நீங்க கத்தினப்ப நான் சிரிச்சேன். அது என் தப்பு. இது பாண்டி இல்ல, இதுல யாருமே அவுட்டு கெடையாது." சுமி பேரை எடுக்கல, அவ அங்க இல்லாதப்பவே சொல்லி முடிச்சுட்டேன். அன்னிக்கு முதல்ல கத்தின பையன் தலையைக் குனிஞ்சு டெஸ்க்குக்கு அடியில எதையோ தேடிக்கிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை. அப்பா அம்மாக்கள் எல்லாம் வந்து கிரவுண்டை சுத்தி நிக்கறாங்க. பெல் அடிச்சாச்சு, சுமி இல்ல. அஞ்சு நிமிஷம் பாத்தேன், பத்து நிமிஷம் பாத்தேன். ஹெச்.எம். கடிகாரத்தைக் காட்டினாங்க. சரி, போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். நானே போய் சென்னையில நின்னு, "ரெடி, போங்க"ன்னேன்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! ஜெனிபர் ஒரே தாவுல சென்னைக்கு வந்து என் பக்கத்துல நின்னு, "இப்போ யாரு இன்னா சொல்றாங்கன்னு பாக்கறேன்"னு இடுப்புல கையை வச்சுக்கிச்சு. மதுரையில மூணு பேர், நெல்லூர்ல ரெண்டு பேர். ஒரு சேட்டுப் பையன் ஒரு கால் ராஜஸ்தான்ல, ஒரு கால் சென்னையில வெக்கணும்னு எட்டிப் பாத்து, தொபுக்கடீர்னு மத்தியப்பிரதேசத்துல விழுந்தான். அவங்க அம்மாவே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா என் கண்ணு என்னமோ கேட் மேலயே இருந்துச்சு.

அப்பத்தான் பைக் சத்தம் கேட்டுச்சு. பிரேம் வந்தாரு. சட்டைப் பாக்கெட்டுல மடிச்ச லெட்டர் தெரிஞ்சுது, சொன்னபடி டி.சி. வாங்க வந்திருக்காரு. பின்னாடி சுமி எறங்கினா. யூனிபார்ம் போட்டிருந்தா.

அவ நடந்து வந்து கோலத்தோட மேல் பக்கத்துல, போன வாரம் நின்னாளே, கிட்டத்தட்ட அந்த எடத்துலயே நின்னா. வெறும் சிமெண்டு. "வாம்மா, இங்க பாரு டார்ஜிலிங்"னு எனக்கு நாக்கு துடிக்குது, கை தானா எழுந்துக்குது. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததுலயே கஷ்டமான வேலை அதான், சும்மா நின்னது.

சுமி ஒரு எட்டு எடுத்து வச்சா. டார்ஜிலிங்குக்குள்ள வந்துட்டா. குனிஞ்சு தட்டுலேந்து டீத்தூளை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பாத்து மூக்கைச் சுளிச்சா. நான் வாங்கி வச்சது முக்குக் கடைத் தூளு. போகட்டும், வந்துட்டாளே, அப்பாடான்னு நான் மூச்சு விடறேன், அவ அங்க நிக்கல. வங்காளத்துல எறங்கினா, ஒடிசாவைத் தாண்டினா, ஆந்திராவுல நின்ன ரெண்டு பேரை "தள்ளு, தள்ளு"ன்னு வெலக்கிட்டு, கரையோரமாவே நடந்து நேரா என் முன்னாடி வந்து நின்னா.

"மிஸ், கொஞ்சம் தள்ளுங்க."

"இங்கயாம்மா?"

"நான் எழும்பூர் ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன். டார்ஜிலிங்குக்கு ரெண்டே வாட்டிதான் போயிருக்கேன். ஒரே குளிரு."

பதிமூணு வருஷமா இங்க இருக்கேன்னு அவங்கப்பா சொன்னாரு. பொண்ணுக்கு ஒன்பது வயசு. நாலாங்கிளாஸ் கணக்கு! அது கூட எனக்கு வரல. போதாததுக்கு, அவ பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் என் பீரோவுலயே இருந்துச்சு. சேக்கும்போது வாங்கி வச்சு ஒரு தடவை கூடத் தொறந்து பாக்கல. செம்பருத்திப் பூ எல்லாம் வச்சு ரெண்டாவது தடவையும் தப்பான ஊர்ல அவளுக்கு எடம் போட்டு வச்சிருந்தேன்.

"வா, வா, இங்க எடம் கீது"ன்னு ஜெனிபர் அவ கையைப் புடிச்சு இழுத்துச்சு. "மிஸ்ஸுதான் பெருசா நிக்கறாங்க." ஜனங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்க. நான் பின்னாடி எட்டு வச்சேன். பின்னாடி ஏது எடம்? ரெண்டு காலும் நீலப் பொடிக்குள்ள, வங்காள விரிகுடாவுல.

ஒவ்வொருத்தரா ரெண்டு வரி சொன்னாங்க. சுமி முறை வந்துச்சு. அவ குரல் அவ்வளவு சத்தமா வரும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"எங்க அப்பா அம்மா டார்ஜிலிங்லேந்து வந்தாங்க. நான் எங்கேருந்தும் வரல, நான் இங்கயேதான் இருக்கேன்."

பிரேம் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு போனை எடுத்து ரொம்ப நேரம் ஏதோ அமுக்கினாரு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு மறுபடி அமுக்கினாரு. அப்புறம் போனைத் தலைக்கு மேல தூக்கி எனக்குக் காட்டி, அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி கத்தினாரு, "மிஸ், டிக்கெட்டு கேன்சல் பண்ணிட்டேன்!"

அப்பா அம்மாக்கள் பாக்கறாங்க, ஹெச்.எம். பாக்கறாங்க, எதுவும் தோணல. ஏசுவேன்னு அப்படியே கடல்ல உக்காந்துட்டேன்.